சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு பெருக்கல் கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன்னர் ஊர் வட்ஸ்அப் குறூப்புகளில் ஒரு வொயிஸ் சுற்றியது. உங்களில் அதிகமானோர் கேட்டிருப்பீர்கள். "இனி வரப்போற கணினிக்குக் கரண்ட் தேவையில்ல. வெளிச்சத்திலேயே யோசிக்கும். இத ஆயிரம் வருசத்துக்கு முன்னமே கண்டுபிடிச்சவர் எங்கட இப்னுல் ஹைதம். வெள்ளைக்காரன் களவெடுத்திட்டான்." கடைசியில் வழமைபோல, ஈமான் இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று முடிந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலில் ஒரு வாப்பா எங்களை மறித்தார். "சேர், நீங்க கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிக்கிற ஆக்கள். இது மெய்யா, பொய்யா? ஒரு சொல்லில சொல்லுங்க."

ஒரு சொல்லில் சொல்ல எங்களுக்கு ஏலவில்லை. அந்த வொயிஸில் மெய்யும் இருந்தது, பொய்யும் இருந்தது. இரண்டும் பாலும் தண்ணீருமாகக் கலந்திருந்தன. "ரெண்டு கிழமை தாங்க நானா" என்று சொல்லிவிட்டு வந்தோம். அவருக்கான பதில்தான் இந்தப் பதிவு. தரம் 10 பிள்ளைகளோடு சேர்ந்து தேடிய பதில் என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

முதலில் இப்னுல் ஹைதமிடம் போனோம்.

அவர் கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்தவர். பிற்காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்தார். 1011க்கும் 1021க்கும் இடைப்பட்ட காலத்தில் 'கிதாபுல் மனாழிர்' என்ற ஒளியியல் நூலை ஏழு பாகங்களாக எழுதினார். அதில் ஒரு சோதனை வருகிறது. ஓர் இருட்டறை. சுவரில் ஒரு சிறு துவாரம். வெளியே துவாரத்துக்கு எதிரே வெவ்வேறு இடங்களில் பல விளக்குகள். அறையின் உட்சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு வெளிச்சப் பொட்டு விழுகிறது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைகிறது. மற்றவை அப்படியே இருக்கின்றன.

இதைச் செய்ய எங்களுக்கு ஐந்து ரூபாய்கூடச் செலவாகவில்லை. வகுப்பு யன்னல்களைப் பழைய பதாகைத் துணியால் மூடினோம். அட்டையில் ஒரு துவாரம். மேசையில் மூன்று மெழுகுதிரி. எதிரே வெள்ளைத் தாள். மூன்று பொட்டு விழுந்தது. நடுத்திரியைக் கையால் மறைத்தோம், நடுப்பொட்டு போனது. மற்ற இரண்டும் அசையவில்லை.

"அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள மூண்டு வெளிச்சமும் ஒண்டோடொண்டு முட்டுப்படல்லயா சேர்?" என்று ஒரு மகன் கேட்டான்.

முட்டுப்படவில்லை. அதுதான் விசயம். பஸ் வாசலில் நாங்கள் ஏறும்போது ஒருவரையொருவர் இடிக்கிறோம். ஒளிக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரே துவாரத்தால் ஒரே நேரத்தில் போனாலும் ஒவ்வொன்றும் தன் பாட்டில் போகிறது. இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒளிக் கணினியின் பலமும் அதுதான், குறையும் அதுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம்.

இன்று எல்லோரும் கதைக்கும் செயற்கை நுண்ணறிவுக்கு உள்ளே என்ன நடக்கிறது? அதன் அடிப்படை வேலை எங்கள் தரம் 6 பிள்ளையும் செய்யும் வேலை: பெருக்கு, கூட்டு. கையெழுத்து இலக்கம் ஒன்றை அடையாளம் காண வேண்டும் என்று வையுங்கள். படம் 28க்கு 28 சதுரங்கள், மொத்தம் 784 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் அதற்குரிய ஒரு நிறையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு விடை. இப்படி ஒரு விடை எடுக்கும் இடத்தைத்தான் 'நரம்பணு' என்கிறார்கள். 100 நரம்பணு இருந்தால் ஒரு படத்துக்கே 78,400 பெருக்கல். பெரிய வலையமைப்புகளில் இது கோடி கோடியாக ஏறும். ஒவ்வொரு பெருக்கலுக்கும் சில்லுக்குள் இலத்திரன்கள் ஓட வேண்டும், மின்சாரம் செலவாகும், சூடு பிறக்கும்.

ஒளி இந்தப் பெருக்கலை எப்படிச் செய்யும்? உங்கள் வேன் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புத் தாளை நினைத்துப் பாருங்கள். பாதி வெளிச்சத்தை விடும் தாள் என்றால், அதனூடாகப் போன ஒளி 0.5ஆல் பெருக்கப்பட்டுவிட்டது. ஏற்கனவே பாதியாக இருந்த வெளிச்சம் என்றால் கால்வாசி வெளியே வரும். 0.5 × 0.5 = 0.25. அந்தத் தாள் கணக்குப் படித்ததில்லை. தாளைக் கடந்து போவதே பெருக்கல். கடந்து வந்த ஒளிகளையெல்லாம் ஒரு வில்லையால் ஓரிடத்தில் குவித்தால் அது கூட்டல்.

இதைக் கண்ணால் பார்க்காமல் நம்ப வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்தோம். உள்ளே ஒரு போன். அதன் திரையில் 3க்கு 3 ஆக ஒன்பது சதுரம், விரும்பிய சதுரத்தை வெள்ளையாக்கலாம், விரும்பியதைக் கறுப்பாக்கலாம். அதன்மேல் பைல் கவர் பிளாஸ்டிக்கில் வெட்டிய ஒரு தாள். அதிலும் ஒன்பது சதுரம், வேண்டாததை மார்க்கரால் கறுப்பாக்கினோம். பெட்டியின் மறு பக்கத்தில் இன்னொரு போன், வெளிச்சத்தை அளக்கும் செயலியோடு. பெரும்பாலான போன்களில் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஓர் ஒளி உணரி இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்தினோம்.

இந்தப் பெட்டி இரண்டு குறிகளைப் பிரித்தறிய வேண்டும்: 'ட' எழுத்து, '+' அடையாளம். இரண்டுக்கும் ஐந்தைந்து சதுரம். 'ட' தாளில் 'ட' வடிவச் சதுரங்கள் மட்டும் திறந்திருக்கும். திரையில் 'ட' போட்டால் ஐந்து சதுரமும் வெளிச்சம் விடும். திரையில் '+' போட்டால் பொதுவான இரண்டு சதுரம் மட்டும். ஆக 5க்கு 2. எந்தத் தாளில் வெளிச்சம் கூடவோ அதுதான் விடை.

வேலை செய்தது. அளவுகள் துல்லியமாக 5க்கு 2 என்று வரவில்லை. மார்க்கர் மை கொஞ்சம் வெளிச்சத்தைக் கசிய விடுகிறது, பெட்டியின் மூடியும் சரியாக மூடவில்லை. ஆனால் எது பெரிது, எது சிறிது என்பதில் ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை. பிள்ளைகள் கத்திய கத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் பின்வரிசைக் குறும்பன் ஒருவன் திரையின் ஒன்பது சதுரத்தையும் வெள்ளையாக்கிவிட்டான். 'ட' தாளும் ஐந்து காட்டியது, '+' தாளும் ஐந்து காட்டியது. "இப்ப சொல்லுங்க பாப்பம், இது என்ன எழுத்து?"

எங்கள் பெட்டி ஏமாந்து போனது. வெளிச்சம் உள்ளவனெல்லாம் தன்னவன் என்று இரண்டு தாளும் சொன்னால் என்ன செய்வது?

அந்த இடத்தில் ஒரு மகள் எழுந்தாள். பெயர் போட மாட்டோம். வாய்ப்பாட்டில் தடுமாறும் பிள்ளை. போன தவணை அவளுடைய அறிக்கையில் 'கணிதத்தில் அவதானம் போதாது' என்று எழுதியவர்கள் நாங்களேதான். அவள் கேட்டாள்: "சேர், இருக்கக் கூடாத இடத்தில வெளிச்சம் இருந்தா அதுக்கு மார்க்ஸ் கழிக்க ஏலாதா?"

"எப்படிக் கழிப்பது மகள்? ஒளியில் சயம் இல்லையே. வெளிச்சம் பூச்சியத்துக்குக் கீழே போகாதே."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இன்னொரு பிளாஸ்டிக் தாளை எடுத்து, 'ட' தாளை அப்படியே மறுபுறமாகச் செய்தாள். திறந்திருந்த ஐந்தை மூடி, மூடியிருந்த நான்கைத் திறந்தாள். "ரெண்டையும் வேற வேறயா அளந்து, மற்றத இதால கழிப்பம்."

கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். திரையில் 'ட' என்றால் 5இலிருந்து 0 கழிய 5. '+' என்றால் 2இலிருந்து 3 கழிய சய 1. ஒன்பதும் வெள்ளை என்றால் 5இலிருந்து 4 கழிய 1. மூன்றும் பிரிந்துவிட்டன! குறும்பன் வாயைப் பொத்திக்கொண்டான்.

உறவுகளே, அந்த மகள் கண்டது வகுப்பறை விளையாட்டு மட்டும் அல்ல. ஒளியின் செறிவை வைத்துக் கணக்குச் செய்யும் ஆய்வாளர்களுக்கும் இதே சிக்கல்தான் வருகிறது. நேர் நிறைகளையும் சய நிறைகளையும் வேறாக்கிக் கூட்டி, பிறகு கழிப்பது அவர்கள் கையாளும் வழிகளில் ஒன்று. அவளுக்கு அது தெரியாது. நாங்கள் சொன்னபோது நம்பவும் இல்லை.

இனி உலகத்தில் உண்மையாக நடந்தது என்ன என்று பார்ப்போம்.

ஒளியால் கணக்குச் செய்யும் எண்ணம் புதியது அல்ல. 1964இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வாண்டர் லக்ட் என்பவர் வில்லைகளை வைத்து வடிவங்களைத் தேடிப் பிடிக்கும் கருவியைச் செய்தார். 1978இல் ஸ்டான்போர்டில் குட்மனும் நண்பர்களும் ஒளியால் தாயப் பெருக்கல் செய்யும் முறையைக் காட்டினார்கள். 1985இல் பர்ஹத், சால்ட்டிஸ் ஆகியோரின் குழு 32 நரம்பணுக்கள் கொண்ட ஓர் ஒளி வலையமைப்பை இயக்கியது. அதன்பின் மின்சில்லுகள் வேகமாக மலிந்ததால் ஒளி பின்வாங்கிக்கொண்டது. செயற்கை நுண்ணறிவின் மின்சாரப் பசி கூடியதும் திரும்பி வந்தது. 2018இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஒஸ்கானின் குழு, முப்பரிமாண அச்சில் எடுத்த தகடுகளை அடுக்கி, அவற்றினூடாக அலைகளைச் செலுத்தியே இலக்கங்களை அடையாளம் கண்டது. ஆனால் அவை கண்ணுக்குத் தெரியாத டெராஹேர்ட்ஸ் அலைகள்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நடந்ததுதான் எங்களைக் கவர்ந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தியான்யூ வாங், பீட்டர் மக்மஹோன் குழு வெளியிட்ட சோதனை அது. அவர்களுடைய ஒளி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு கைபேசியின் ஓலெட் திரையிலிருந்து! எங்கள் சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்ததும் போன்தானே. எங்கள் மார்க்கர் தாளுக்குப் பதிலாக அவர்களிடம் திரவப் பளிங்குத் தகடு. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி போகலாம் என்று அது கட்டுப்படுத்தும். எங்கள் ஓட்டைப் பெட்டிக்குப் பதிலாக நல்ல வில்லைகளும் மிக நுட்பமான உணரியும். எங்களுக்கு ஒரே நேரத்தில் ஒன்பது பெருக்கல். அவர்களுக்குச் சுமார் 5 இலட்சம். மெழுகுதிரி வெளிச்சங்கள் முட்டுப்படாமல் போன அதே குணம்தான் அந்த 5 இலட்சத்தையும் ஒன்றாகச் செய்ய விடுகிறது.

அடுத்தது இன்னும் வியப்பு. ஒளி துகள் துகளாக வருகிறது. ஒரு துகளைப் போட்டன் என்கிறோம். அவர்கள் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். ஒரு பெருக்கலுக்குச் சுமார் 3 போட்டன் உணரியில் விழுந்தபோது கையெழுத்து இலக்கங்களை 99 வீதம் சரியாகச் சொன்னது. சுமார் 0.66 போட்டனாகக் குறைத்தபோதும் ஏறக்குறைய 90 வீதம் சரி.

"0.66 போட்டனா? துகளை எப்படி சேர் வெட்டுற?" என்று வகுப்பே கேட்டது.

வெட்டவில்லை. நோன்பு காலத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்குத் தேங்காய் சேர்ப்பதை நினைத்துப் பாருங்கள். 784 வீடுள்ள மஹல்லா. வீட்டுக்குச் சராசரி 0.66 தேங்காய் என்றால் யாரும் தேங்காயை அளந்து நறுக்கித் தருவதில்லை. சில வீட்டில் இல்லை, சில வீட்டில் ஒன்று, சில வீட்டில் இரண்டு. பள்ளிவாசல் முற்றத்தில் சுமார் 517 தேங்காய் குவியும். கஞ்சி காய்ச்சுபவர் ஒவ்வொரு வீட்டையும் பார்ப்பதில்லை, குவியலைப் பார்க்கிறார். தற்செயலாக வருவதை எண்ணும்போது ஏற்படும் தளம்பல் அந்த எண்ணின் வர்க்கமூலமளவு. 517க்கு அது 23 அளவில், அதாவது 4 வீதம் சொச்சம். தனி வீட்டைப் பார்த்தால் கணக்கே நம்ப ஏலாது. குவியலைப் பார்த்தால் நம்பலாம். ஒவ்வொரு பெருக்கலும் தனியே தள்ளாடினாலும் கூட்டுத்தொகை தள்ளாடாதது இதனால்தான்.

உயர்தரப் பிள்ளைகள் இதையும் செய்து பாருங்கள். பச்சை ஒளியின் அலைநீளத்தைச் சுமார் 530 நனோமீட்டர் என்று வைத்து, பிளாங்கின் மாறிலியை ஒளிவேகத்தால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் ஒரு போட்டனின் சக்தி 3.75 × 10⁻¹⁹ யூல். அதை 0.66ஆல் பெருக்க ஏறக்குறைய 2.5 × 10⁻¹⁹ யூல். ஆய்வுக் கட்டுரையில் உள்ள எண்ணும் அதுதான். கரும்பலகையில் அந்த எண் வந்து விழுந்தபோது எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது. எங்கோ அமெரிக்காவில் எழுதிய கட்டுரையின் ஒரு வரியை எங்கள் ஊர் வகுப்பறையில் சோக்கட்டியால் சரிபார்த்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ்.

இனி அந்த வாப்பாவின் கேள்விக்கு வருகிறோம்.

"கரண்ட் தேவையில்லையா?" தேவை. 2.5 × 10⁻¹⁹ யூல் என்பது உணரியில் விழுந்த ஒளியின் கணக்கு மட்டும். 45 நனோமீட்டர் வகைச் சில்லில் 8 பிட் பெருக்கல் ஒன்றுக்குச் சுமார் 0.2 பிக்கோயூல் போகும், அதோடு ஒப்பிட்டால் 8 இலட்சம் மடங்கு குறைவு என்று கணக்குக் காட்டலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது நேர்மையான ஒப்பீடு அல்ல. திரைக்கும் பளிங்குத் தகட்டுக்கும் உணரிக்கும் பக்கத்தில் இருக்கும் கணினிக்கும் போகும் மின்சாரம் அதில் சேரவில்லை. அதையும் சேர்த்து மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் ஒரே தடவையில் மிகப் பெரிய கணக்கைச் செய்ய வேண்டும், கருவிகளும் வேகமாக வேண்டும். அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

"வெளிச்சமே யோசிக்குமா?" பெருக்கிக் கூட்டும். ஆனால் வலையமைப்புக்கு இன்னொன்றும் வேண்டும்: 'இந்த அளவுக்குக் கீழே என்றால் விட்டுவிடு' என்பது போன்ற ஒரு தீர்ப்பு. அது இல்லாமல் எத்தனை அடுக்குப் போட்டாலும் ஒரே அடுக்குப் போட்ட மாதிரித்தான். தீர்ப்புக்கு ஓர் ஒளி இன்னோர் ஒளியைத் தடுக்கவோ தட்டவோ வேண்டும். ஒளிதான் முட்டுப்படாதே! மெழுகுதிரிச் சோதனையில் பலமாகத் தெரிந்தது இங்கே குறையாகிறது. கோர்னெல் சோதனையில் அந்தத் தீர்ப்பைச் சாதாரணக் கணினி செய்தது. நிறைகளைப் பழக்கியெடுத்ததும் கணினிதான். 2023இல் அதே குழு, இரவுப் பார்வைக் கருவிகளில் உள்ளது போன்ற ஒளிபெருக்கி ஒன்றை இடையில் வைத்து அந்தப் படியையும் ஒளிப்பாதைக்குள் கொண்டுவந்தது. அந்தப் பெருக்கியும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

"எங்கட ஆள் கண்டுபிடித்ததை வெள்ளைக்காரன் களவெடுத்தானா?" இல்லை. இப்னுல் ஹைதம் கணினி செய்யவில்லை, நரம்பு வலையமைப்பும் தெரியாது. அவரை யாரும் மறைக்கவும் இல்லை. 1572இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அந்த நூலை இலத்தீனில் அச்சிட்டவர்கள் அட்டையிலேயே 'அரபியரான அல்ஹசன்' என்று அவர் பெயரைப் போட்டார்கள். அவர் செய்தது வேறு. ஒளி ஒன்றோடொன்று முட்டுமா, கலக்குமா என்ற கேள்விக்கு ஊகத்தால் பதில் சொல்லாமல், விளக்கு ஏற்றி, மறைத்து, பார்த்துச் சொன்னார். ஆயிரம் வருடம் கழித்து எங்கள் பிள்ளைகளும் மறைத்துப் பார்க்க முடிந்தது. அவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை எங்களுக்குத் தெரியவில்லை. செய்யாததைச் செய்ததாகச் சொல்லும்போது செய்ததின் பெறுமதிதான் குறைகிறது. அது பொய்யும் ஆகிறது.

ஒன்றை நினைத்து நாங்கள் வெட்கப்பட்டோம். அந்தக் கட்டுரை வெளிவந்த 2022இல்தான் எங்கள் நாட்டில் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது. எங்கள் பிள்ளைகள் போன் டோர்ச்சிலும் மெழுகுதிரியிலும் படித்தார்கள். போனும் மெழுகுதிரியும் கையில் இருந்த அத்தனை இரவுகளில் ஒரு நாளாவது துவாரம் போட்ட அட்டையை அவர்களுக்கு முன்னால் வைத்தோமா? இல்லை. பாடக்குறிப்பு எழுதச் சொன்னோம். ஆய்வுகூடச் சாமான் இல்லை என்று வருடம் முழுக்க முறைப்பட்டோம்.

அந்த மகளிடம் நாங்கள் பட்ட கடனும் இருக்கிறது. வாய்ப்பாடு இன்னும் அவளுக்குத் தடுமாறுகிறது. சாதாரண தரப் பரீட்சை வருகிறது, அதில் கஞ்சிக் குவியல் கணக்குச் செல்லாது, ஏழெட்டு ஐம்பத்தாறு என்று எழுதத்தான் வேண்டும். அதைப் பின்னேரங்களில் சேர்ந்து பழகுகிறோம். ஆனால் 'அவதானம் போதாது' என்ற வரியை இந்தத் தவணை எழுத மாட்டோம். அன்றைக்கு அவதானம் போதாமல் இருந்தது எங்களுக்குத்தான்.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு விஞ்ஞான அறையில் இரண்டு சோதனையையும் பெற்றோருக்குச் செய்து காட்டப் போகிறார்கள். விளக்குபவர்கள் பிள்ளைகள், நாங்கள் பெட்டி பிடிப்போம். உம்மாமாரும் வாருங்கள். திரை உடையாத பழைய போன், கண்ணாடி வில்லை, கெட்டியான அட்டைப் பெட்டி இருந்தால் வீசிவிடாமல் கொண்டுவாருங்கள். 3க்கு 3 பெட்டியை 5க்கு 5 ஆக்க வேண்டும், 'ட'வோடு 'ப'வையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம் துடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த வொயிஸை அனுப்பியவர்களோடு எங்களுக்குக் கோபம் இல்லை. எங்கட ஆக்களும் ஏதோ செய்தவர்கள் என்று சொல்ல ஆசைப்பட்டிருக்கிறார்கள். அடுத்த தடவை அப்படி ஒன்று வந்தால் பத்துப் பேருக்கு அனுப்ப முன்னர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு எட்டு வாருங்கள். யன்னலை மூடி, ஒரு மெழுகுதிரி கொளுத்தி, மெய்யா பொய்யா என்று சேர்ந்தே பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.